ஒப்பிடப் பழைய படம் இல்லை

அந்தச் சத்தம்தான் முதலில். மெல்லிய தகரத்தை யாரோ தொலைவில் நின்று இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை உதறினால் எழுமே, அப்படி ஒரு சத்தம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டது. டாக்டர் கவரிலிருந்து படத்தை உருவி, வெளிச்சப் பெட்டியில் செருகுவதற்கு முன் ஓர் உதறு உதறினார். அதில் தூசி இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் இல்லை. கைப்பழக்கம், அவ்வளவுதான். இப்போது நீங்கள் மடியில் அந்தக் கவரைப் புரட்டினீர்களே, உள்ளேயிருந்து அதே சத்தம். அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். தவறாக நினைக்காதீர்கள், அம்மா.

படுக்க வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஜன்னல் ஓரமாக நிறுத்தி வையுங்கள். அப்பாவுக்கா? ஈரல் பக்கமா, பித்தக் குழாயா? சரி, சரி. நான் துருவவில்லை. பஸ் மதுரை போய்ச் சேர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கூட வர எனக்கு ஆள் இல்லை, பேச்சுக்குத்தான் பேசுகிறேன்.

அந்தச் சின்னக் கவர் என்ன? பழைய படமா? அதைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் அந்தக் காலத்து பி.ஏ. பாளையங்கோட்டையில் சரித்திரம் படித்தேன். வேலைக்குப் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எங்கள் வீட்டுக்காரருக்கு ரயில் தபாலில் வேலை. ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே ஊர் ஊராகக் கடிதம் பிரித்துப் போடுகிற வேலை. பெயர் ஆவுடைநாயகம். நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லி இப்போது வாய் பழகிவிட்டது. பிள்ளை இல்லை எங்களுக்கு. அவர்தான் எனக்குப் பிள்ளையும். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம், ஒரு தலைவலி என்று படுத்தவரில்லை.

இல்லை, படுத்தார். ஒருமுறை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வருஷம் பங்குனியில் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சொரிந்து சொரிந்து முழங்கை தடித்துப்போனது. கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் பால் விடாத கட்டன் காப்பி நிறம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், பத்து நாள் ஆகியும் இறங்கவில்லை. அவருடைய அக்கா சண்முகவடிவு மதுரையில் இருக்கிறார்கள், என் மதினி. "ஏளா பிரமு, இங்க கூட்டிட்டு வா, பெரிய இடமா பாப்போம்" என்று போன் பண்ணினார்கள். மதினி வீட்டில் தங்கினோம்.

முதலில் படம் பார்த்தவர் சின்ன வயசு டாக்டர். முப்பது இருக்கும். எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். நான் மறக்கவே இல்லை அந்தப் படத்தை. கறுப்பு வானத்தில் ஒரு வெள்ளை மரம். இலை இல்லாத மரம். ஈரலுக்குள் ஓடுகிற பித்தக் குழாய்கள்தான் கிளைகள். எல்லாம் தடித்துப் பருத்துக் கிடந்தன. கிளைகள் வந்து கூடுகிற இடத்தில் அடிமரம் இல்லை. ஒரு விரற்கடை அகலத்துக்கு வெறும் கறுப்பு. அதற்குக் கீழே மறுபடி வெள்ளை. மரத்தை வெட்டியும் அது விழாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னார். சொன்னது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது.

"புற்று வந்தாலும் குழாய் இப்படித்தான்மா மூடும். உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு வீங்க வச்சுக்கிற ஒரு வியாதி இருக்கு, அதுலயும் இப்படித்தான் மூடும். கல்லு உரசின தழும்பு, பழைய ஆபரேஷன் தழும்பு, எல்லாம் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். சுவர் ஒரு பக்கமா தடிச்சிருக்கா, சீரா தடிச்சிருக்கா, ஒரு இடமா, நாலு இடமான்னு பார்த்து நாங்க ஒரு கணக்குச் சொல்லுவோம். ஆனா படத்துக்கு அடைப்பு தெரியும், யாரு அடைச்சான்னு தெரியாது. அத நீங்கதான் சொல்லணும். முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

வயிற்றில் முன்பு ஏதாவது கோளாறு? அதுவும் இல்லை என்றேன். எங்கள் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? காரணம் இருக்கிறது. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, அம்மா, படித்தவள்தானே. ஆனால் ஜாதகம் பார்க்கிற முறையில் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் ஜோசியரிடம் ஜாதகத்தை நீட்டிவிட்டு வாயைத் திறக்கவே மாட்டார்கள். நடந்ததை அவர் சரியாகச் சொன்னால்தான் நடக்கப்போவதைக் கேட்பது. என் கல்யாணத்துக்கே அம்பாசமுத்திரத்தில் ஒருவர், கல்லிடைக்குறிச்சியில் ஒருவர், தென்காசியில் ஒருவர், மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டினார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்றும் ஒத்து வந்த பிறகுதான் பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். நாற்பத்தொரு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம்.

அந்தத் தம்பி என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நாம் ஒன்றைச் சொன்னால் அதையே திருப்பி எழுதிக் கொடுப்பார். அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தத் தம்பிக்குப் படிப்பு? மதினியும் அதையேதான் சொன்னார்கள். இன்னும் இரண்டு பேரிடம் காட்டு, முதல் ரிப்போர்ட்டைக் காட்டாதே, அவர்களாகச் சொல்லட்டும் என்றார்கள்.

இவர் மட்டும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "பின்கோடு எழுதாத கடிதாசி மாதிரில்லா பண்ணுதே, பிரமு."

"ஏன், அதெல்லாம் போய்ச் சேராமயா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சேரும் சேரும். எங்கயாவது."

மதினிகூடச் சிரித்துவிட்டார்கள்.

சரி, அந்த ஒருமுறை படுத்ததைச் சொல்கிறேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவருக்குத் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பொன்னுக்கு வீங்கி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அறுபது தாண்டியவருக்குப் பொன்னுக்கு வீங்கியா என்று ஊரே சிரித்தது. என்னுடைய இரட்டை வடச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டேன். தங்கம் பட்டால் வற்றும் என்பார்களே. அதைப் போட்டுக்கொண்டு அவர் பேப்பர் வாங்கக் கடைக்குப் போக, "என்ன மாப்ளே, ரெண்டாந்தாரம் எந்த ஊரு" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் சங்கிலியோடுதான் திரிந்தார். வற்றவில்லை, பழகிவிட்டது.

அதே வருஷம் வயிறு மந்தமாக இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தோம், உள்ளூரில்தான். கணையம் வீங்கி வாழைத்தண்டு மாதிரி மொழுமொழுவென்று இருக்கிறது என்றார் அந்த டாக்டர். சொல்லிவிட்டு, கம்பவுண்டர், வெளியே உட்கார்ந்திருந்த நாலு பேர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எத்தன வருஷமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை, அம்மா. பொடிகூடப் போடமாட்டார். இவரும் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். டாக்டர் நம்பின மாதிரி தெரியவில்லை. அந்தக் கம்பவுண்டர் எங்கள் தெருக்காரர். ஒரு வாரத்தில் தெருவே பேசியது. ஆவுடைநாயகம் அண்ணாச்சி ரகசியமாகப் போடுவாராம், தபால் வண்டியில் பழகினதாம். கோயிலில் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்தார், சின்ன வெள்ளை மாத்திரை. ஆறு வாரம் சாப்பிட்டார். நன்றாகப் பசித்தது. முகம் பௌர்ணமி மாதிரி வட்டமாக ஊதிவிட்டது. வயிறு சரியாயிற்று. தாடை வீக்கமும் அதோடு போயிற்று. சங்கிலி வேலை செய்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மறுபடி போய்க் காட்டச் சொன்னார் டாக்டர். நான் விடவில்லை. அந்த வாசலை இனி மிதிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். படத்தைக் கவரோடு பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அது வியாதி இல்லை, அவமானம். அவமானத்தை யாராவது மதுரை வரை எடுத்துக்கொண்டு வருவார்களா?

ஆகவே மூன்று பேரிடமும் காட்டினோம். இரண்டாமவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குப் படுகிற மாதிரி பார்த்தார். மூன்றாமிடத்தில் வேறு மிஷினில் புதிதாகவே எடுத்தார்கள். மூன்று ரிப்போர்ட்டையும் மதினி வீட்டுக் கட்டிலில் வரிசையாகப் பரப்பி வைத்து நானே படித்தேன். மூன்றும் புற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றன. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு அடியில் ஒரு திருப்தியும் இருந்தது. முறையாகச் செய்திருக்கிறோம். மூன்றும் ஒத்து வந்துவிட்டது.

கடைசி வரிகூட மூன்றிலும் ஒன்றுபோலவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் தரப்படவில்லை, நோயாளியின் முந்தைய விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும் என்று. எல்லா ரிப்போர்ட்டிலும் அடியில் அச்சடித்து வைத்திருப்பார்கள்போல.

அந்த இரண்டாமிடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கடையநல்லூர்க்காரி, சுபைதா என்று பெயர். கணவன் காசிம், பரோட்டா மாஸ்டர். அவருக்கும் மஞ்சள், அவருக்கும் குழாய் அதே இடத்தில் மூடியிருந்தது. அவள் ஒரு உரச்சாக்குப் பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தாள். பல் பிடுங்கின சீட்டிலிருந்து இருந்தது. டாக்டரிடம் ஓயாமல் பேசினாள். பரோட்டாக் கல்லில் கை சுட்டது, சவுதியில் இருந்தபோது மூலம், மாமியார் சண்டை, எல்லாம். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. டாக்டர் போதும்மா, போதும்மா என்றார். பத்து வருஷத்துக்கு முன் பித்தப்பையை எடுத்த ஒரு கசங்கின சீட்டை அவள் நீட்டவும் அவர் வாங்கிக்கொண்டார். அதையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "வெட்டெல்லாம் வேணாமாம் அக்கா, பழைய தழும்பாம், குழாய் ஒண்ணு வச்சாப் போதுமாம்" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆபரேஷனுக்குத் தாங்காது என்று கைவிட்டுவிட்டார்கள், இவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்துக் குற்றாலம் போனபோது அந்த மனிதர் கடை வாசலில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார். சிலருக்கு நேரம் நன்றாக இருக்கிறது.

ஆபரேஷன் பண்ணினது ஒரு டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும். அவசரப்படாத ஆள். எனக்குப் பிடித்திருந்தது. முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்பிலிருந்து சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். அதில் புற்று அகப்படவில்லை. அகப்படாததால் இல்லை என்று ஆகாது, இந்த இடத்தில் பாதிப் பேருக்கு அகப்படாது என்றார். பிறகு ரத்தத்தில் ஒரு பரிசோதனை. அது வந்த அன்று எங்களைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

அந்த அம்மாள் மேஜையில் மூன்று ரிப்போர்ட்டும் இருந்தன. அவர்கள் கேட்டது இதுதான்: "இந்த ரத்தப் பரிசோதனை நடுவாந்தரமா வந்திருக்கு. இத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. புற்று இல்லாத அந்த வீக்க வியாதின்னா ஒரு இடத்தோட நிக்காது. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்பவாவது தாடை, கழுத்து வீங்கியிருக்கா? கணையம் வீங்கியிருக்கா?"

இவர் கை மெதுவாக மேலே போனது. தாடைக்குக் கீழே தொட்டார். சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

இதை நான் மதினியிடம்கூடச் சொன்னதில்லை. வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லலாம், இறங்கிப் போய்விடுவார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மாதமாக மூன்று டாக்டரிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியாயிற்று. இப்போது மாற்றிச் சொன்னால் நான் பொய்க்காரி. அதுவும் கணையம் என்று சொன்னால் அடுத்த கேள்வி அதுதானே, எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று. அந்த அம்மாள் முன்னால், அந்த நர்ஸ் பிள்ளைகள் முன்னால். அவருக்காகத்தான், அம்மா. அவர் மானத்துக்காக.

"அப்படி ஒண்ணும் இல்லங்க டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா அவரைப் பார்த்துக் கேட்டார்கள். "நீங்க சொல்லுங்க ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். நாற்பத்தொரு வருஷத்தில் என் பேச்சை நாலு பேர் முன்னால் அவர் மறுத்ததே கிடையாது. கையைக் கீழே இறக்கினார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

புற்றாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஈரலில் வலது பக்கம் பெரும்பகுதியையும் குழாயையும் எடுத்தார்கள். ஒன்பது மணி நேரம். மதினி மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் அவர் கண் விழித்தார், பேசினார், மோர் கேட்டார். ஐந்தாம் நாள் மஞ்சள் இறங்காமல் ஏறியது. வயிறு உப்பியது. மீதமிருக்கிற ஈரல் வளர்ந்துவிடும், ஈரலுக்கு அந்தக் குணம் உண்டு, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்கள். நான் பொறுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து மிஷின்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று ஒழுங்காகத் தாளம் போடும். ஒன்று நடுவில் நடுவில் விட்டுவிடும். நான் அந்த விடுபட்ட இடத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா கையில் ஒரு காகிதத்தோடு வந்து என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். எடுத்த துண்டைச் சோதித்த முடிவு. முகம் சரியாக இல்லை. முதலில் பழைய கேள்வியைத்தான் மறுபடி கேட்டார்கள். தாடை வீங்கினதுண்டா, கணையம் வீங்கினதுண்டா, எப்போதாவது மாத்திரையில் முகம் ஊதினதுண்டா என்று.

எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன்.

"எடுத்ததுல புற்று இல்லம்மா. எங்கயும் இல்ல. அந்த வீக்கம்தான்."

எனக்கு அந்த அம்மாள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. புற்று இல்லை. மூன்று பேரும் தப்பு. மூன்று படிப்பும் தப்பு. நான் கும்பிட்டேன். அவர்கள் கும்பிடவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையில கரைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா?

இல்லை என்றேன். மறுபடியும்.

ஏன் என்று கேட்காதீர்கள். ஒருமுறை சொன்னது, அதையே சொன்னேன்.

பிறகு அவரிடம் ஓடினேன். பச்சை அங்கி போட்டு உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்தார். வெள்ளையே இல்லாத கண். காதோரம் குனிந்து, "புற்று இல்லயாம். ரிப்போர்ட் வந்துருச்சு. ஒண்ணுமே இல்லயாம்" என்றேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. உதடு காய்ந்திருந்தது. பஞ்சில் நனைத்துத் தடவினேன்.

"அப்ப எதுக்கு அறுத்தாங்க?" என்று கேட்டார்.

கோபமாக இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். தூங்குங்கள் என்றேன். நர்ஸ் வந்து நேரமாயிற்று என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினாள்.

கோவில்பட்டி வந்துவிட்டது, பாருங்கள். பத்து நிமிஷம் நிற்கும், டீ குடிப்பதென்றால் இறங்கிக் குடியுங்கள். கவரை நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாமா? சரி.

என்ன கேட்டீர்கள்? பிறகா?

அதன் பிறகு அவர் பேசவில்லை. பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு இறந்துபோனார்.